கறவை மாட்டில் கறிக்கன்று எடுப்பது எப்படி

பால் பண்ணையில் ஹோல்ஸ்டீன் என்ற கறவை இன மாடு காளைக் கன்று போட்டால் யாருக்கும் பெரிய மகிழ்ச்சி இருப்பதில்லை. பால் தராது, சரி, கறிக்காவது வளர்ப்போம் என்றால் கால் நீண்டு, எலும்பு பெருத்து, நெட்டையாக வளர்ந்துகொண்டே போகும், தின்ற தீவனத்துக்கு ஏற்ற சதை பிடிக்காது. அதே மாட்டுக்கு ஆங்கஸ் என்ற கறி இனத்து நல்ல காளை ஒன்றின் சினை ஊசியைப் போட்டிருந்தால், அதே ஒன்பது மாதச் சினையில், அதே தீவனச் செலவில், முதுகும் தொடையும் நிறைந்த கன்று கிடைத்திருக்கும். கறவை மாட்டையும் கறி இனத்துக் காளையையும் கலப்பதன் அடிப்படை இவ்வளவுதான்.

ஆனால் இதில் இறங்குகிறவர்களில் பலர் முதல் வேலையாகக் காளையைத் தேடப் போகிறார்கள். எந்தக் காளை, எந்த இனம், எது பெரியது என்று. நான் சொல்வது, காளையை மறந்துவிட்டு முதலில் உங்கள் மாட்டுப் பட்டியலை எடுத்து உட்காருங்கள். எந்த மாட்டின் கிடேரிக் கன்று உங்களுக்கு வேண்டும், எந்த மாட்டின் கன்று வேண்டாம் என்பது தெரிந்த பிறகுதான் காளைக்கே வேலை வருகிறது.

எத்தனை கிடேரி வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கறவை மாடுகள் உள்ள பண்ணை, ஆண்டுக்கு 30 மாடுகளைக் கழித்துப் புது மாடு சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறக்கிற கிடேரிக் கன்றுகள் எல்லாமே மாடாகிக் கறவைக்கு வந்துவிடாது, கழிச்சலில் போவது, நுரையீரல் நோயில் போவது, சினையே பிடிக்காதது என்று கழித்தால் 100க்கு 85 வந்து சேர்ந்தால் நல்லது. அப்படியானால் 30 மாட்டுக்கு 36 கிடேரிக் கன்றுகள் பிறக்க வேண்டும். சாதாரண விந்தில் இரண்டுக்கு ஒன்றுதான் கிடேரி, அதுவும் காளைக் கன்று சற்றுக் கூடுதலாகவே பிறக்கும் என்பதால், 36 கிடேரிக்கு 74 கன்றுகள் வரை வேண்டியிருக்கும். கறிக்கன்றுக்கு அங்கே பெரிதாக இடம் கிடையாது.

பாலினம் பிரித்த விந்து வந்த பிறகுதான் இந்தக் கதவு திறந்தது. கிடேரியைத் தரும் விந்தணுவில் மரபுப்பொருள் ஏறக்குறைய 4 விழுக்காடு கூடுதல், அந்தச் சிறு வேறுபாட்டை வைத்துத்தான் கருவி ஒவ்வொரு அணுவாகப் பிரிக்கிறது. 10 கன்றில் 9 கிடேரியாக வரும். ஆக 36 கிடேரிக்கு 40 கன்று போதும், மீதி மாடுகள் எல்லாம் கறி இனக் காளைக்குத் திறந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், பிரிக்கும்போது அணுக்கள் அடிபடுகின்றன, குச்சியில் (விந்தை உறைய வைக்கும் மெல்லிய குழாயில்) அடைப்பதும் குறைந்த எண்ணிக்கைதான், அதனால் சினை பிடிக்கும் விகிதம் சாதாரண விந்தை விடக் குறையும். 100 ஊசிக்கு 40 பிடிக்கிறது என்றால் 40 கன்றுக்கு 100 ஊசி, இடையில் கலைந்து போகிற சினையையும் சேர்த்தால் 110 என்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் கஞ்சத்தனமாகவும் இருக்காதீர்கள், தாராளமாகவும் இருக்காதீர்கள். இன்று போடுகிற ஊசி 9 மாதம் கழித்துக் கன்றாகி, அந்தக் கன்று 24 மாதத்தில் ஈன்று கறவைக்கு வர மொத்தம் 33 மாதம் ஆகும். கறிக்கன்றுக்கு நல்ல விலை போகிறதே என்று ஓர் ஆண்டு முழுக்க எல்லா மாட்டுக்கும் கறி ஊசி, அதாவது கறி இனக் காளையின் சினை ஊசி, போட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டு தொழுவத்தில் இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துத் திகைக்கிறவர்கள் உண்டு. அந்த ஓட்டையை அடைக்க வெளியில் மாடு வாங்கினால் நோயும் கூடவே வரும்.

எந்த மாட்டுக்கு எந்த ஊசி

பொதுவாக ஒரு பண்ணையில் மரபுத்தரத்தில் மேலே நிற்பவை இளம் கிடேரிகள்தான், ஏனென்றால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதை விடச் சிறந்த காளையிலிருந்து வந்திருக்கும். அவற்றுக்குச் சினையும் நன்றாகப் பிடிக்கும். அதனால் பாலினம் பிரித்த கறவை விந்தைக் கிடேரிகளுக்கும், முதல் இரண்டு ஈத்தில் இருக்கும் நல்ல மாடுகளுக்கும் ஒதுக்குங்கள். கிடேரிக் கன்று காளைக் கன்றை விடச் சிறியதாக இருப்பதால் தலைச்சன் ஈற்றும் எளிதாகும்.

கறி ஊசிக்குப் போக வேண்டியவை, பால் பதிவில் கீழே இருக்கும் மாடுகள், அடிக்கடி மடிநோய் வருபவை, கால் குளம்புத் தொல்லை உள்ளவை, இரண்டு மூன்று ஊசிக்குப் பிறகும் சினை பிடிக்காதவை. மரபணுச் சோதனை செய்ய வசதியிருந்தால் முடி அல்லது காது மடல் துணுக்கு எடுத்து அனுப்பித் தரவரிசை வாங்கலாம், இல்லையென்றால் உங்கள் பால் பதிவேடே போதும், பதிவேடு இல்லாமல் கண்ணளவில் மட்டும் பிரிக்காதீர்கள். நன்றாகத் தெரிகிற மாடும் நன்றாகக் கறக்கிற மாடும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

நாள்பட்ட கழிச்சலைத் தரும் ஜோன்ஸ் நோய் இருப்பதாகச் சோதனையில் தெரிந்த மாட்டின் கிடேரியை வளர்க்கவே கூடாது, அதைக் கறி ஊசிப் பட்டியலுக்கு மாற்றுங்கள். அதன் சீம்பாலையும் மற்ற கிடேரிக் கன்றுகளுக்குக் கொடுக்காதீர்கள்.

தலைச்சன் கிடேரிக்குக் கறி ஊசி போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், முடிந்தவரை வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் எளிதாக ஈனும் குணம் உறுதியாக நிரூபிக்கப்பட்ட ஆங்கஸ் மட்டும். ஒருமுறை சிறிய உடம்புள்ள ஜெர்சிக் கிடேரிக்குக் கையில் இருந்த ஏதோ ஒரு பெரிய இனக் குச்சியைப் போட்டுவிட்டு, ஈனும் இரவில் மூன்று பேர் கயிறு கட்டி இழுத்ததை நான் கூட நின்று பார்த்திருக்கிறேன். கன்று உயிரோடு வந்தது, மாடு எழுந்து நிற்க நான்கு நாள் ஆனது, அந்த ஈத்தில் அது கறந்த பால் கன்றுக்கே போதவில்லை. அந்தக் கன்றில் வரும் லாபம் எதுவும் அதற்கு ஈடாகாது.

காளை

இப்போது காளைக்கு வரலாம். கறவை மாட்டில் என்ன இல்லையோ அதைத் தரும் காளை வேண்டும், ஆனால் அதைத் தரும்போது மாட்டை வதைக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று இழுபறியாகவே இருக்கும்.

ஹோல்ஸ்டீனில் என்ன இல்லை? முதுகுத் தசை குறுகலாக, முக்கோணமாக இருக்கும், தொடை தட்டையாக இருக்கும். உயிர் எடையில் உரித்த எடை 60 விழுக்காட்டுக்குக் கீழேயே நிற்கும், கறி இனங்களில் அது 62 முதல் 64 வரை போகும். கறிக்குள் ஓடும் மெல்லிய கொழுப்புக் கோடுகள், அதாவது மார்பிளிங், அதில் மட்டும் ஹோல்ஸ்டீனும் ஜெர்சியும் சளைத்தவை அல்ல. அப்படியானால் கறி விஷயத்தில் காளையிடம் முதலில் கேட்க வேண்டியது முதுகுத் தசையின் பரப்பும் சதைப்பிடிப்பும். உயரம் கேட்கவே வேண்டாம், ஹோல்ஸ்டீனிடம் உயரம் ஏற்கெனவே மிதமிஞ்சி இருக்கிறது. நெட்டைக் காளையைக் கொண்டுவந்தால் கன்று வளர்ந்துகொண்டே போய், கொழுப்புப் பிடிப்பதற்குள் எடை எல்லை தாண்டிவிடும். நடுத்தர உயரக் காளை போதும்.

ஜெர்சி வேறு மாதிரி. பிறக்கும் கன்றே 25 கிலோ சுற்றித்தான் இருக்கும் (ஹோல்ஸ்டீன் கன்று 40), உடம்பு சிறியது, கொழுப்பு மஞ்சளாக இருக்கும். அதற்கு வளர்ச்சி வேகமும் சதையும் தரும் காளை வேண்டும், அதனால் பலர் லிமோசின், ஷாரொலே போன்ற கறி இனங்கள் பக்கம் போகிறார்கள், ஆனால் இடுப்பெலும்பு சிறிய மாட்டில் இது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. ஒன்றிரண்டு ஈத்து கண்ட ஜெர்சிக்கு மட்டும், அந்த இனத்திலேயே எளிதாக ஈனும் மதிப்பெண் உயர்ந்த காளையாகப் பார்த்து.

இனத்துக்கு இனம் என்ன வேறுபாடு என்று சுருக்கமாகச் சொன்னால், ஆங்கஸ் எளிதாக ஈனும், மார்பிளிங் நன்றாக வரும், பெரும்பாலும் கொம்பில்லாத இனம். கொம்பில்லாமை ஓங்கு பண்பு என்பதால் அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் கொண்ட காளையின் கன்றுகள் எல்லாமே கொம்பில்லாமல் பிறக்கும், கொம்பு சுடுகிற வேலை மிச்சம், கன்றுக்கும் வலி மிச்சம். ஹெர்ஃபோர்டு கன்றை வெள்ளை முகத்தை வைத்தே அடையாளம் காணலாம், மேய்ச்சலில் நன்றாகத் தேறும். லிமோசினில் சதை வளர்ச்சியைத் தடுக்கும் மயோஸ்டாடின் மரபணு சற்று மாறியிருக்கிறது, அதனால் எலும்புக்குக் கறி விகிதம் கூடும். பெல்ஜியன் ப்ளூவில் அதே மரபணு முழுதாகவே செயலிழந்திருக்கும், தொடை இரட்டைச் சதையாகத் திரளும். தூய பெல்ஜியன் ப்ளூவுக்கு அறுவை செய்துதான் பெரும்பாலும் கன்று எடுக்கிறார்கள் என்பதைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. கலப்புக் கன்றில் அந்த மரபணு ஒரு பிரதிதான் இருக்கும், பெரிய ஹோல்ஸ்டீன் மாட்டில் தேர்ந்தெடுத்த காளையாக இருந்தால் இயல்பாகவே ஈனும், கறியும் கொழுப்புக் குறைவாக நிறைய வரும். சிமெண்டலும் ஷாரொலேயும் வளர்ச்சி வேகத்துக்கு, ஆனால் ஷாரொலே கன்று எடை கூடிப் பிறக்கும். வாக்யு மார்பிளிங்குக்கு என்றே, அதற்கென்று வாங்குகிறவர் கையில் இருந்தால் மட்டும், ஏனென்றால் அது மெதுவாக வளரும்.

வெயில் கடுமையான இடங்களில் பிராமன் போன்ற திமில் இனக் காளை நல்லதில்லையா என்று கேட்பார்கள். உண்ணியையும் வெயிலையும் தாங்கும் என்பது உண்மை. ஆனால் திமில் இனக் காளையைத் திமிலில்லாத மாட்டோடு கலந்தால் கன்று எதிர்பார்த்ததை விடக் கனமாகப் பிறக்கும், குறிப்பாகக் காளைக் கன்று, சினைக்காலமும் நீளும். இதையே மாற்றிக் கலந்தால், அதாவது திமில் மாட்டுக்குத் திமிலில்லாத காளை என்றால், இந்தத் தொல்லை வருவதில்லை. தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

அப்புறம் சினைக்காலம். ஹோல்ஸ்டீன் மாட்டில் ஹோல்ஸ்டீன் கன்று சராசரி 279 நாளில் பிறக்கும். ஆங்கஸ் கன்று அதை ஒட்டியே, ஓரிரு நாள் முன்பின்னாக. லிமோசின், வாக்யு என்றால் 5 நாள் வரை தள்ளிப் போகும். 5 நாள் சிறிதாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு நாளும் கறக்காத நாள், அதோடு வயிற்றுக்குள் கடைசி நாட்களில்தான் கன்று மளமளவென்று எடை போடும்.

இனப் பெயரை மட்டும் வைத்துக் காளை வாங்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். ஓர் இனத்துக்குள்ளேயே காளைக்குக் காளை உள்ள வேறுபாடு, இனத்துக்கு இனம் உள்ள வேறுபாட்டை விடப் பெரிதாக இருக்கலாம். காளைப் பட்டியலில் பாருங்கள்: எளிதாக ஈனும் மதிப்பெண், சினை பிடிக்கும் விகிதம், சினைக்கால நீளம், முதுகுத் தசைப் பரப்பு, ஓராண்டு எடை, மார்பிளிங், இந்த வரிசையிலேயே. ஈனும் மதிப்பெண் கறவை மாடுகளில் பார்த்துச் சேகரித்ததா, கறி இன மாடுகளில் பார்த்ததா என்றும் கேளுங்கள். அயர்லாந்தில் இதற்கென்றே 2019 முதல் கறவை மாட்டுக்குப் பொருந்தும் கறிக்காளைகளை வரிசைப்படுத்தும் ஒரு தனிக் குறியீடு இருக்கிறது, ஈனும் சுலபமும் கறி மதிப்பும் ஒரே எண்ணில் வந்துவிடும். உங்களுக்கு அப்படி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். மலிவாக மீந்து கிடக்கும் குச்சியை "கறிக்குத்தானே" என்று தலையில் கட்டுவார்கள், வாங்கவே வாங்காதீர்கள்.

ஊசி முதல் ஈற்று வரை

ஊசி போடும் முறையில் புதிதாக ஒன்றுமில்லை. காலையில் பருவ அறிகுறி கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில். குச்சியை 35 முதல் 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடத்துக்குக் குறையாமல் வைத்து எடுத்து, துடைத்து, ஆறவிடாமல் போட வேண்டும். எந்த மாட்டுக்கு எந்த ஊசி என்று காதுத் தோட்டிலோ பலகையிலோ நிறம் மாற்றிக் குறித்து வையுங்கள், அவசரத்தில் நல்ல கிடேரிக்குக் கறிக் குச்சி போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. கடைசி மாதத்தில் மாட்டைக் கொழுக்க விடாதீர்கள். கொழுத்த மாடு, கனத்த கன்று இரண்டும் சேர்ந்தால் ஈற்று சிக்கலாகும்.

பிறந்த முதல் ஆறு மணி நேரம்

எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் வருத்தம் தருவது இதுதான். கிடேரிக் கன்றுக்குச் சீம்பாலை அளந்து ஊட்டுகிற அதே கை, கறிக்கன்று என்றால் "அது எப்படியும் போகப்போகிறது" என்று ஓரமாய்க் கட்டிவிடுகிறது. அந்தக் கன்று பிறகு வாங்குகிறவர் கையில் நுரையீரல் நோயோடு நிற்கும், தேறவே தேறாது. எவ்வளவு நல்ல காளையாக இருந்தாலும் முதல் நாளில் விட்டதைப் பிறகு ஈடுகட்ட முடியாது.

கன்றுக்குத் தாயின் வயிற்றில் நோய் எதிர்ப்புப் பொருள் எதுவும் வருவதில்லை, எல்லாம் சீம்பாலில்தான். குடல் அதை உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து 24 மணி நேரத்தில் அற்றுப்போய்விடும். அதனால் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 கிலோ கன்றுக்கு 4 லிட்டர். சீம்பாலின் தரத்தைச் சர்க்கரை அளக்கும் பிரிக்ஸ் மானியிலேயே பார்க்கலாம், 22க்கு மேல் காட்டினால் நல்லது, குறைந்தால் வேறு மாட்டின் உறைய வைத்த சீம்பாலைக் கொடுங்கள். தொப்புளை 7 விழுக்காடு அயோடினில் நனையுங்கள். படுக்கை காய்ந்திருக்கட்டும்.

பிறகு பால், தண்ணீர், மூன்றாம் நாளிலிருந்தே கன்றுத் தீவனம் கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரை மறக்கிறார்கள், தண்ணீர் இல்லாமல் கன்று தீவனம் தின்னாது, தீவனம் தின்னாமல் பெருவயிறு (அசை போடும் மாட்டின் முதல் இரைப்பை) வளராது. பாலை நிறுத்த வயதை மட்டும் பார்க்க வேண்டாம், தொடர்ந்து மூன்று நாள் ஒன்றேகால் கிலோ அளவுக்கு அடர்தீவனம் தின்றால் நிறுத்தலாம், பெரும்பாலும் 8 வாரம் சுற்றி வரும். அதையும் ஒரே நாளில் வெட்டாமல் ஒரு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள். பால் நிறுத்துவது, காயடிப்பது, கொம்பு சுடுவது, இடம் மாற்றுவது எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள், கன்று துவண்டுபோகும். காயடிப்பதும் கொம்பு சுடுவதும் சிறு வயதிலேயே, வலி தெரியாமல் மருந்து கொடுத்து, கால்நடை மருத்துவரை வைத்துச் செய்யுங்கள்.

காயடிக்கவே வேண்டுமா என்றால், அடிக்காத காளை வேகமாக வளரும், கொழுப்புக் குறைவாக இருக்கும், ஆனால் முரட்டுத்தனம் வரும், கறியில் மார்பிளிங் குறையும். வாங்குகிறவர் எதைக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. கூட்டமாகக் கலந்து வளர்ப்பதென்றால் நான் காயடிக்கவே சொல்வேன்.

வளர்ப்பு

பால் மறந்த கன்றுக்கு ஆறு மாதம் வரை புரதம் 16 முதல் 18 விழுக்காடு உள்ள தீவனம் வேண்டும், அந்த வயதில் எலும்பும் சதையும் வளர்கின்றன, அப்போது சிக்கனம் பார்த்தால் பிறகு எவ்வளவு கொட்டினாலும் கொழுப்பாகத்தான் போகும். அதன் பிறகு மாவுச்சத்தைக் கூட்டலாம், ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக. திடீரென்று தானியத்தைக் கூட்டினால் பெருவயிற்றில் அமிலம் பெருகி, சுவர் புண்ணாகி, அந்தப் புண் வழியாக நுண்ணுயிர் கல்லீரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி கட்டும். கலப்புக் கன்றுகள் சிறு வயதிலிருந்தே நீண்ட காலம் அடர்தீவனம் தின்பதால் இந்தத் தொல்லை இவற்றுக்கு அதிகம். கன்று வெளியில் நன்றாகவே இருக்கும், அறுத்த பிறகுதான் தெரியும். வைக்கோலோ நீளமாக நறுக்கிய உலர்தீவனமோ எப்போதும் தொட்டியில் இருக்கட்டும், கன்று நன்றாக அசை போடுகிறதா என்று தினமும் பாருங்கள்.

அடர்தீவனத்தில் வளர்த்தால் ஆங்கஸ் ஹோல்ஸ்டீன் கலப்பு 14 முதல் 16 மாதத்தில் 600 கிலோவைத் தொடும். மேய்ச்சலை நம்பினால் 20 முதல் 24 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்சிக் கலப்பு இதை விடக் குறைந்த எடையிலேயே கொழுப்புப் பிடித்துத் தயாராகிவிடும், அதற்கு மேல் நிறுத்தி வைத்தால் தீவனம்தான் வீண். வால் அடிப்பக்கத்திலும் கடைசி விலாவிலும் கையை வைத்து அழுத்திப் பாருங்கள், எலும்பு மெத்தென்று தட்டுப்பட்டால் நேரம் வந்துவிட்டது. தராசில் ஏற்றுவதோடு நிறுத்தாமல் கையையும் பழக்குங்கள்.

கலப்புக் கிடேரியைக் கறவைக்கு வைத்துக்கொள்ளலாமா என்ற ஆசை பலருக்கு வரும், பார்க்க அழகாக இருக்கும். கறவைக்கு வேண்டாம், பால் குறையும். தாயோடு கன்றை விட்டு மேய்க்கும் கறிமாட்டுப் பண்ணைக்கு அது அருமையான தாய்மாடு, ஏனென்றால் கறி இன மாட்டை விடப் பால் அதிகம், கன்று நன்றாக வளரும். அப்படி வாங்குகிறவர் இருந்தால் கிடேரிகளுக்குத் தனி வழி கிடைக்கும். இரட்டையில் காளையோடு சேர்ந்து பிறந்த கிடேரி மட்டும் பெரும்பாலும் மலடு, அதைக் கறிக்கே வளர்க்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: தாய் எண், காளை எண், சினைக்கால நாட்கள், எப்படி ஈன்றது, பிறந்த எடை, நோய் வந்ததா, பால் மறந்த நாள், விற்ற எடை. கன்றைச் சிறுவயதிலேயே விற்றுவிட்டாலும் வாங்கியவரிடம் உரித்த எடையும் கல்லீரல் நிலையும் கேட்டு வாங்கி அதே வரியில் சேருங்கள். முதலில் தயங்குவார்கள், காளை எண்ணை நீங்கள் கொடுக்கிறீர்கள் என்றால் அவர்களும் கொடுப்பார்கள், அது அவர்களுக்கும் வேண்டிய தகவல். இரண்டு ஆண்டு ஓடினால், இழுத்து எடுக்க வேண்டிய கன்றுகள் எந்தக் காளையிலிருந்து வந்தன, உரித்த எடை யாருடையது கூடியது என்று உங்கள் நோட்டே சொல்லும், அடுத்த முறை குச்சி வாங்கும்போது காளைப் பட்டியலோடு அந்த நோட்டையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள்.